இரயில் பயணமும் நம் பயண மூட்டையும்

பள்ளி விடுமுறை வந்தாலும், தைப்பூசத் திருநாள் வந்தாலும், நம் தோட்டத்து மக்கள் குடும்பத்துடன் பயணம் புறப்படுவது வழக்கம். திகாம் பத்து வட்டாரத் தோட்டங்களில் வாழ்வோர் சுங்கை பட்டாணி நிலையத்தில் வண்டி ஏறி, தெற்கே பட்டர்வொர்த்துக்கோ கோலாலம்பூருக்கோ செல்லலாம். வடக்கே அலோர் ஸ்டார் வழியாகப் பாடாங் பெசாருக்கும் செல்லலாம். 2015-ஆம் ஆண்டு முதல் இத்தடத்தில் மின்சார வண்டிகள் ஓடுகின்றன. வேறு சிலர் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேமித்து, தமிழகம் சென்று, அங்கும் இரயிலிலேயே திருத்தலங்களைத் தரிசித்து வருகின்றனர். எங்குச் சென்றாலும் நம் கையில் ஒரு மூட்டை இருக்கும். அம்மூட்டையில் எவை இருக்கலாம், எவை இருக்கலாகாது என்பதையே இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

மதுரையில் நடந்தது

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வட இந்தியாவின் லக்னோ நகரிலிருந்து யாத்திரிகர் பலர் தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்கப் புறப்பட்டனர். அவர்களுக்கெனத் தனிப் பெட்டி ஒன்று அமர்த்தப்பட்டிருந்தது. ஆகஸ்டு 26-ஆம் நாள் விடியற்காலையில் அப்பெட்டி மதுரைக்கு வந்து சேர்ந்தது. வண்டியிலிருந்து கழற்றப்பட்டு, நிலையத்தருகே ஒரு தண்டவாளத்தில் நிறுத்தப்பட்டது. காலை 5.15 மணியளவில் பெட்டி தீப்பற்றி எரிந்தது. 9 பேர் உயிரிழந்தனர். மறுநாள் சென்னைக்குப் புறப்பட இருந்தவர்கள் அவர்கள்.

சமையலுக்கென்று யாருக்கும் தெரியாமல் ஏற்றி வரப்பட்டிருந்த எரிவாயுத் தோம்பே இவ்விபத்துக்குக் காரணம் என இரயில்வே நிர்வாகம் அறிவித்தது. தனிப் பெட்டியை யாரும் வாடகைக்கு எடுக்கலாம். ஆயினும் தீப்பற்றும் பொருளை அதில் ஏற்றலாகாது என்பது அங்குள்ள விதி. தோம்பைக் கொண்டு வந்தவர்கள் எவருக்கும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். வழியில் சூடாகத் தேநீரும் உணவும் கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். நல்லெண்ணம் தீயைத் தடுப்பதில்லை என்பதை நாம் இங்கே உணர்தல் வேண்டும்.

வாயு செய்யும் வேலை

சமையல் எரிவாயு, தோம்புக்குள் அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டு அடைக்கப்பட்டுள்ளது. வெளியே கசியும்பொழுது அது ஏறக்குறைய 250 மடங்கு விரிகிறது. காற்றைவிடக் கனமானதாகையால் மேலெழுந்து கலைந்துவிடாமல் தரையோரமாகப் படர்ந்து தேங்குகிறது. வீட்டுச் சமையற்கட்டில் சன்னலையும் கதவையும் திறந்துவிட இயலும். மூடிய இரயில் பெட்டியிலோ அது இருக்கைகளின் அடியில் பரவி, ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கும். தீப்பற்றினால் எழும் புகை, சுடர் தீண்டுமுன்னரே மனிதரை மயக்கமுறச் செய்துவிடும்.

எரிவாயுத் தோம்பு மட்டுமன்று. புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெட்ரோல், மண்ணெண்ணெய், பட்டாசு, பாலை உறைய வைக்கும் ஆசிட், களைக்கொல்லி மருந்து ஆகியனவும் பயண மூட்டையில் வைக்கத் தகாதவை. தோட்டத்தில் நாம் நாள்தோறும் கையாளும் பொருள்களாகையால், இவற்றின் ஆபத்து நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. உறவினர் கேட்டார் என்பதற்காக ஒரு சிறு போத்தலில் ஊற்றி எடுத்துச் செல்வதும் தவறே. இந்தியாவில் ஆபத்தான பொருளை இரயிலில் ஏற்றுவோர்க்கு 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

அளவும் இடமும்

மூட்டையின் அளவுக்கு ஏன் கட்டுப்பாடு என்று சிலர் வினவுவர். ஆபத்து வேளையில் பெட்டியிலுள்ள அனைவரும் நடைபாதை வழியாகவே கதவை அடைய வேண்டும். அங்கே ஓர் அரிசி மூட்டை கிடந்தால், முன்னே ஓடுபவர் தடுக்கி விழுவார். பின்னே வருபவர் அவர்மேல் விழுவார். இந்திய இரயிலில், படுக்கை வசதியுள்ள சாதாரண வகுப்பில் ஒருவர் 40 கிலோவும், இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். பெட்டியின் அளவு 100 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படலாகாது. நம் நாட்டு வண்டிகளிலும் மூட்டைகளை அவற்றுக்குரிய இடத்தில் வைத்து, வழியையும் கதவையும் விட்டுவைத்தல் நம் கடமை. ஐயம் இருப்பின் பயணச்சீட்டு வாங்கும்பொழுதே கேட்டறிதல் நன்று.

நீண்ட பொருள்களைக் கொண்டு செல்வோர் மற்றொன்றையும் கருத்திற்கொள்ள வேண்டும். நம் இரயில் தடத்தின்மேல் செல்லும் கம்பிகளில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. தூண்டிற்கோலையோ இரும்புக் கம்பையோ மேடையில் உயரத் தூக்கிப் பிடித்தல் உயிருக்கே ஆபத்தாகும்.

கேட்பாரற்ற பையும் பிறர் பொதியும்

2014-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், சென்னை சென்ட்ரல் நிலையத்தில் நின்றிருந்த குவஹாத்தி விரைவு வண்டியில் இரு குண்டுகள் வெடித்தன. இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். 14 பேர் காயமுற்றனர். அவை பயணிகளின் இருக்கைகளுக்கு அருகிலேயே வைக்கப்பட்டிருந்தன. ஆகவே உரியவர் இல்லாத பையைக் கண்டால், அதனைத் தொடவோ நகர்த்தவோ வேண்டா. அவ்விடத்தைவிட்டு அகன்று, நிலைய அதிகாரியிடமோ காவலரிடமோ உடனே தெரிவியுங்கள். நம் பையையும் இருக்கையில் விட்டுவிட்டு உலாவச் செல்லலாகாது.

பிறர் தரும் பொதி இதனினும் கொடியதாகலாம். பாடாங் பெசார் நிலையத்திலேயே மலேசியா, தாய்லாந்து ஆகிய இரு நாடுகளின் குடிநுழைவுச் சோதனையும் சுங்கச் சோதனையும் நடைபெறுகின்றன. “இதை என் தம்பியிடம் சேர்த்துவிடுங்கள், அண்ணே” என்று அறிமுகமில்லாதவர் ஒரு பொட்டலத்தை நீட்டினால் வாங்காதீர்கள். 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்படி, போதைப்பொருள் அடங்கிய பொதியைத் தம் வசம் வைத்திருப்பவர், அதனை அறிந்தே வைத்திருந்தார் என்று முதலில் கருதப்படுவார். இல்லையென மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதாகிவிடும். கடத்தல் குற்றத்துக்குக் கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டதாயினும், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இன்றும் உண்டு. ஒரு நிமிட இரக்கம் ஒரு குடும்பத்தையே நிலைகுலையச் செய்துவிடலாம்.

புறப்படும் முன்

பயணத்துக்கு முந்திய இரவில் பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு பையைத் திறந்து பாருங்கள். தீப்பற்றுவது எதுவும் உள்ளதா? பிறர் பொருள் எதுவும் உள்ளதா? ஒருவரே தூக்கக்கூடிய கனமா? அடையாளக் கார்டும் கடப்பிதழும் கைப்பையில் பத்திரமாக உள்ளனவா? வழிக்கு வேண்டிய உணவை வீட்டிலேயே சமைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். நிலையத்தில் அதிகாரி பையைச் சோதிக்கும்பொழுது, நம்மீது ஐயம் கொண்டார் என மனம் வருந்த வேண்டா. நம் பக்கத்தில் அமரவிருப்பவரின் பையையும் அவரே சோதிக்கிறார்.

எழுத்தறியாத பெரியோர் உங்கள் லயத்தில் இருப்பின், இக்கட்டுரையை அவர்களுக்கும் வாசித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.