வலிக்கும் இடமும் நோயுற்ற உறுப்பும்

மேல்வயிற்றில் எரிச்சல் கண்டவுடன் ‘வாயுத் தொல்லைதான்’ என்று முடிவுசெய்து, சோடாவும் ஓமநீரும் அருந்தி இரவைக் கழித்துவிட்டு, பொழுது விடிந்தபின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அவர்களுள் சிலருக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் மாரடைப்பு எனத் தெரியவருகிறது. வலித்தது வயிறு, நோயுற்றது இதயம். அடைபட்ட இரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சை முதல் சில மணி நேரத்தில்தான் மிகுந்த பயன் தரும் என்பதால், அந்த ஓர் இரவின் இழப்பு பெரிது.

வலி ஏன் இவ்வாறு இடம் மாறித் தோன்றுகிறது? காலில் முள் தைத்தால் அது தைத்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறோம். உள்ளுறுப்புகளுக்கு அத்தகைய நுண்ணிய உணர்வு இல்லை. இதயத்திலிருந்து வரும் நரம்புகளும், மார்பு, இடக்கை ஆகியவற்றின் தோலிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தின் ஒரே பகுதியில் வந்து சேர்கின்றன. மூளையோ, தனக்குப் பழக்கமான தோலிலிருந்தும் தசையிலிருந்துமே செய்தி வந்ததாகக் கொண்டுவிடுகிறது. எந்த உறுப்பின் நோய்க்கு உடலின் எப்பகுதியில் வலி தோன்றும் என்பதை இங்கிலாந்து மருத்துவர் ஹென்றி ஹெட் 1893ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார்.

தோள்பட்டை இதற்கு வியப்பான எடுத்துக்காட்டு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம், கருவில் கழுத்துப் பகுதியில் உருவாகிப் பின்னர் கீழே இறங்குகிறது. இறங்கும்போது கழுத்து நரம்பையும் உடன் கொண்டுவருகிறது. ஆகவே, அதன் அடிப்புறத்தை உறுத்தும் எந்நோயும் தோளில் வலியாகத் தோன்றக்கூடும். பித்தப்பை அழற்சியில் வலத்தோளிலோ வலது தோள்பட்டை எலும்பின் கீழோ வலிக்கலாம். இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தவருக்கு வெளிக்காயம் இல்லாமலேயே இடத்தோள் வலித்தால், மண்ணீரல் கிழிந்து உள்ளே இரத்தம் கசிகிறதோ என நாங்கள் ஐயுறுவோம். சுளுக்கு எனக் கருதி வழித்துவிடுவதற்கு முன் இதை எண்ணிப்பாருங்கள்.

காலையில் கடற்கரைச் சாலையில் விரைந்து நடக்கும்போது தாடையிலோ இடக்கையிலோ தோன்றி, நின்றவுடன் மறையும் வலி இதயத்தினுடையதாக இருக்கலாம். பல் மருத்துவரிடம் செல்வதற்கு முன் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்வது நல்லது. நீரிழிவு நோயாளிகள், முதியோர், பெண்கள் ஆகியோருக்கு மார்பு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், களைப்பு மட்டுமாக மாரடைப்பு வருவதுண்டு. முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தும் நாங்கள் மீண்டும் எடுக்கச் சொல்வதும், இரத்தப் பரிசோதனை செய்வதும் வீண்செலவு அன்று. தொடக்கத்தில் அது மாற்றம் காட்டாமல் இருப்பதுண்டு.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைப்பதுபோல் பரவி, முன்னால் குனிந்து அமர்ந்தால் சற்றுத் தணியும் வலி கணைய அழற்சியைச் சுட்டலாம். அப்போது மதுப்பழக்கம் குறித்துக் கேட்போம். உறவினர் முன்னிலையில் கூறத் தயக்கமிருப்பின் தனியே கேட்கச் சொல்லுங்கள். மறைத்தால் நோயைக் கண்டறிவது தாமதமாகும். விலாவின் கீழிருந்து அடிவயிற்றுக்கும் தொடை இடுக்கிற்கும் இறங்கும் வலி பெரும்பாலும் சிறுநீரகக் கல்லினுடையது. குடல்வால் அழற்சி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றில் நிலைகொள்கிறது. குழந்தைக்குக் ‘குடல் விழுந்துவிட்டது’ என்று எண்ணெய் தடவி நீவுவது இந்நிலையில் ஆபத்தானது.

மார்பு, மேல்வயிறு, தாடை, கை ஆகியவற்றில் தோன்றிய வலி வியர்வையுடன் பதினைந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். நோயாளியை நடக்கவோ வண்டி ஓட்டவோ விடவேண்டாம். உடன் வருபவர் வலி எப்போது, எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, என்னென்ன மாத்திரைகள் கொடுக்கப்பட்டன என்பவற்றை ஒரு தாளில் குறித்து வந்து பணி மருத்துவரிடம் தரவேண்டும்.