சொந்த டொமைனே உள்நுழைவு அடையாளம்: முக்கியக் குறிப்புகள்

பாடப்பகுதி: கணினி அறிவியல் – இணையப் பாதுகாப்பும் டிஜிட்டல் அடையாளமும்

ஆண்டுகளையும் பெயர்களையும் மட்டும் மனப்பாடம் செய்தால் இப்பகுதியில் ஒரு மதிப்பெண் வினாவைத் தாண்ட முடியாது. அடையாளம் வேறு, அதைச் சரிபார்ப்பவர் வேறு. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

1. அடிப்படை

● ஒற்றை உள்நுழைவு: ஓரிடத்தில் அடையாளத்தை நிரூபித்துவிட்டு, தனித்தனிக் கடவுச்சொல் இல்லாமல் பல தளங்களில் நுழையும் முறை.

● மூன்று தரப்பினர்: பயனர், அடையாள வழங்குநர், வழங்குநர் சொல்வதை நம்பிப் பயனரை உள்ளே விடும் தளம்.

● 'கூகுள் மூலம் உள்நுழைக' என்ற பொத்தானில் அடையாளமும் சரிபார்ப்பும் ஒரே நிறுவனத்திடம் இருக்கின்றன. அந்தக் கணக்கு முடங்கினால் அதைக் கொண்டு நுழைந்த தளங்களிலும் சிக்கல் எழும்.

● சொந்த டொமைன் முறையில் பயனரின் இணைய முகவரியே அவரது அடையாளம். சரிபார்க்கும் சேவையை மாற்றினாலும் முகவரி மாறாது.

● இதைச் சாத்தியமாக்குவது டிஎன்எஸ் என்ற டொமைன் பெயர் அமைப்பு. ஒரு டொமைன் ஒரே நேரத்தில் ஒருவர் பெயரில்தான் பதிவாகும் என்பதால் தனித்தன்மைக்கு வேறு பதிவேடு தேவையில்லை. டிஎன்எஸ்-ஐ 1983-இல் வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். அடிப்படை ஆவணங்கள்: ஆர்எஃப்சி 1034, 1035 (1987).

● தமிழ் எழுத்தில் உள்ள உயர்நிலை டொமைன்கள்: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். இவை டிஎன்எஸ்-இல் பியூனிகோடு என்ற குறியாக்கத்தில் பதியப்படுகின்றன (ஆர்எஃப்சி 3492, 2003).

2. ஓப்பன்ஐடி: முதல் பெரும் முயற்சி

● தொடக்கம்: 2005 மே. உருவாக்கியவர் லைவ்ஜர்னலை நிறுவிய பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக். தொடக்கத்தில் இதன் பெயர் யாடிஸ்.

● ஓப்பன்ஐடி அறக்கட்டளை அமைந்ததும், 2.0 பதிப்பு இறுதியானதும் 2007-இல்.

● இதன் சிறப்பு ஒப்படைப்பு வசதி. தன் முகப்புப் பக்கத்தின் எச்டிஎம்எல் தலைப்பகுதியில் இரண்டு 'லிங்க்' வரிகளைச் சேர்த்தால், சரிபார்க்கும் வேலையை வேறொரு வழங்குநரிடம் விடலாம். வழங்குநரை மாற்ற அந்த வரிகளைத் திருத்தினால் போதும்.

● இதன் பயன் பின்னாளில் தெரிந்தது. ஜான்ரெயின் நிறுவனத்தின் மைஓப்பன்ஐடி சேவை 2014 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதன் முகவரியையே அடையாளமாக வைத்திருந்தவர்கள் அடையாளத்தை இழந்தார்கள். சொந்த டொமைனிலிருந்து ஒப்படைத்தவர்கள் வேறு வழங்குநருக்கு மாறிக்கொள்ள முடிந்தது.

● கூகுள் தன் ஓப்பன்ஐடி 2.0 சேவையை 2015 ஏப்ரலில் நிறுத்தியது. 2008-இல் ஓப்பன்ஐடி உள்நுழைவுடன் தொடங்கிய ஸ்டேக் ஓவர்ஃபுளோவும் 2018-இல் அதைக் கைவிட்டது.

● பின்னடைவுக்குக் காரணங்கள்: பெயருக்குப் பதில் முழு இணைய முகவரியைத் தட்டச்சு செய்வது பலருக்குப் பழகவில்லை. பெரிய நிறுவனங்களின் பொத்தான்கள் ஒரே சொடுக்கில் வேலையை முடித்தன.

3. ஓப்பன்ஐடி கனெக்ட்: பெயர் ஒன்று, அமைப்பு வேறு

● வெளியீடு: 2014 பிப்ரவரி. செயலிகளுக்கு அனுமதி வழங்கும் ஓஆத் 2.0 (ஆர்எஃப்சி 6749, 2012) நெறிமுறை மீது கட்டப்பட்டது.

● இதில் பயனரை அடையாளம் காட்டுவது இரண்டு மதிப்புகள் சேர்ந்த இணை: வழங்குநரின் முகவரி, அந்த வழங்குநர் தந்த பயனர் எண். வழங்குநரை மாற்றினால் இணை மாறும். தளத்தின் பார்வையில் நீங்கள் புதிய ஆள்.

● பழைய ஓப்பன்ஐடியில் இருந்த ஒப்படைப்பு இதில் இல்லை. வழங்குநர் சர்வரையே சொந்த டொமைனில் நடத்தினால்தான் அடையாளம் முழுமையாகக் கையில் இருக்கும். தேர்விலும் நடைமுறையிலும் அதிகம் தவறவிடப்படும் வேறுபாடு இது.

4. இண்டிஆத்: டொமைனுக்கென்றே அமைந்த நெறிமுறை

● சொந்த டொமைனில் இயங்குவதை வலியுறுத்தும் இண்டிவெப் இயக்கத்தில் பிறந்தது. முதல் இண்டிவெப்கேம்ப் 2011-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் நடந்தது.

● டபிள்யூ3சி குறிப்பாக வெளியான ஆண்டு 2018. தொகுப்பாசிரியர் ஆரன் பரெக்கி.

● இதுவும் ஓஆத் 2.0-இன் நீட்சி. பயனரின் அடையாளம் இணைய முகவரி. அவர் நுழையும் தளமான செயலியின் அடையாளமும் இணைய முகவரி. ஆகவே செயலியை வழங்குநரிடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியதில்லை.

செயல்படும் வரிசை (விரிவான வினாவுக்கு):

1) பயனர் தன் டொமைனை உள்ளிடுகிறார்.

2) செயலி அந்தப் பக்கத்தைப் படித்து, சரிபார்க்கும் சர்வர் எதுவென அறிகிறது.

3) செயலி ஒரு ரகசியச் சரத்தை உருவாக்கி (43 முதல் 128 எழுத்துகள்), அதன் ஹாஷ் மதிப்பை மட்டும் அனுப்பிப் பயனரைச் சரிபார்க்கும் சர்வருக்குத் திருப்பிவிடுகிறது. இந்தப் பாதுகாப்பின் பெயர் பிக்ஸி (ஆர்எஃப்சி 7636, 2015).

4) சர்வர் பயனரைச் சரிபார்க்கிறது. கடவுச்சொல்லா, பாஸ்கீயா, வேறு வழியா என்பதை நெறிமுறை கட்டுப்படுத்துவதில்லை. பயனரின் ஒப்புதலும் இங்கேதான் பெறப்படுகிறது.

5) ஒருமுறை மட்டுமே செல்லும் குறியீட்டுடன் பயனர் செயலிக்குத் திரும்புகிறார். இதன் ஆயுள் அதிகபட்சம் 10 நிமிடம் இருக்கலாம் என்பது ஓஆத் 2.0-இன் பரிந்துரை.

6) செயலி அந்தக் குறியீட்டையும் ரகசியச் சரத்தையும் நேரடியாகச் சர்வரிடம் காட்டுகிறது. உறுதிப்படுத்தப்பட்ட முகவரி பதிலாக வருகிறது.

7) வந்த முகவரி, பயனர் உள்ளிட்டதிலிருந்து வேறுபட்டால் அந்த முகவரியும் இதே சர்வரைத்தான் சுட்டுகிறதா என்று செயலி மீண்டும் பார்க்க வேண்டும். இதை விட்டால் யாரும் யாருடைய டொமைனையும் தன்னுடையது எனச் சொல்லிவிடலாம்.

5. தொடர்புடைய முறைகள்

● ரெல்-மீ: 'இந்தப் பக்கமும் என்னுடையதே' எனச் சொல்லும் இணைப்புக் குறி. 2003-இன் எக்ஸ்எஃப்என் வடிவத்திலிருந்து வந்தது. இருபுறமும் இணைப்பு இருந்தால்தான் நம்பலாம். மாஸ்டோடன் இணையதள உரிமையைச் சரிபார்ப்பது இதைக் கொண்டுதான்.

● ரெல்மீஆத்: இத்தகைய இருபுற இணைப்பை வைத்து, சமூக வலைத்தளக் கணக்கின் ஓஆத் வழியாக டொமைனை உறுதிப்படுத்துவது.

● புளூஸ்கை: டொமைனையே பயனர்பெயராக வைக்கலாம். டிஎன்எஸ்-இன் டிஎக்ஸ்டி பதிவோ, தளத்தில் குறித்த இடத்தில் வைக்கும் கோப்போ சான்று. அடியில் 'டிஐடி' என்ற நிலையான அடையாளம் தனியே இருப்பதால், டொமைனை மாற்றினாலும் பின்தொடர்வோர் இழக்கப்படுவதில்லை.

● மோசில்லா பெர்சோனா: மின்னஞ்சல் முகவரியை அடையாளமாக்கிய முயற்சி. 2011-இல் பிரௌசர்ஐடி என்ற பெயரில் அறிமுகமாகி 2016 நவம்பரில் முடிந்தது.

● மேரி பெஹ்சான்: இந்திய அரசின் தேசிய ஒற்றை உள்நுழைவு (2022 ஜூலை). அரசுச் சேவைகளுக்குச் சட்டப்படியான ஆள் அடையாளம் தேவை. டொமைன் உறுதிப்படுத்துவது 'இந்த முகவரியை நிர்வகிப்பவர் இவர்' என்பதை மட்டுமே. இரண்டின் நோக்கமும் வேறு.

6. ஆபத்துகளும் காப்பும்

● டொமைன் விலைக்கு வாங்கும் சொத்து அன்று, காலவரையறையுள்ள பதிவு. டாட் காம் போன்ற பொது டொமைன்களை ஒரே முறையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதியலாம்.

● இவ்வகை டொமைன் காலாவதியாகி நீக்கப்பட்டால் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதன்பின் 5 நாளில் யாரும் பதியக்கூடிய நிலைக்கு வந்துவிடும். புதிதாகப் பதிந்தவர் பழையவரின் கணக்குகளில் நுழைய வாய்ப்பு உண்டு. இதனைத் தடுக்க, மறுபயன்பாட்டு முகவரிகளை வேறுபடுத்தும் வழி ஓப்பன்ஐடி 2.0-இல் சேர்க்கப்பட்டது.

● டொமைனைப் பதிந்துதரும் பதிவாளரிடம் உள்ள கணக்கைக் கைப்பற்றியவர் அடையாளத்தையே கைப்பற்றுகிறார். இரட்டைச் சரிபார்ப்பு, இடமாற்றப் பூட்டு, தானியங்கிப் புதுப்பிப்பு மூன்றும் கட்டாயம்.

● எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்தில் இடைமறிப்பவர் சர்வர் முகவரியை மாற்றி எழுதிவிடலாம். டிஎன்எஸ்செக், டிஎன்எஸ் பதில்களின் நம்பகத்தை உறுதிசெய்கிறது. டிஎன்எஸ்-இன் வேர் மண்டலம் கையொப்பமிடப்பட்டது 2010 ஜூலையில்.

7. குழப்பிக்கொள்ளக் கூடாதவை

● ஓஆத்: 'இச்செயலி எதைச் செய்யலாம்?' – அனுமதி.
● ஓப்பன்ஐடி: 'இவர் யார்?' – அடையாளச் சரிபார்ப்பு.
● ஓப்பன்ஐடி 2.0: அடையாளம் இணைய முகவரி.
● ஓப்பன்ஐடி கனெக்ட்: அடையாளம் வழங்குநரும் எண்ணும் சேர்ந்த இணை.
● இண்டிஆத்: டபிள்யூ3சி குறிப்பு, பரிந்துரைத் தகுதி பெற்ற தரநிலை அன்று.

8. விரிவான விடைக்கு

'சொந்த டொமைன் உள்நுழைவு பயனருக்குச் சுதந்திரம் தருகிறதா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. சரிபார்க்கும் சேவை மூடப்பட்டாலும் அடையாளம் பிழைக்கிறது. இது உறுதியான நன்மை. ஆனால் நம்பிக்கை பதிவாளரிடமும் டிஎன்எஸ்-இடமும் இடம்பெயர்கிறது. ஆண்டுக் கட்டணமும் பராமரிப்பும் பயனரின் பொறுப்பாகின்றன. எனவே இம்முறை பரவ வேண்டுமானால், எளியவரும் தாங்கக்கூடிய கட்டணத்தில் டொமைனும், நிபுணர் துணையின்றி இயக்கக்கூடிய சரிபார்ப்புச் சேவையும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் குறிப்பிடும் விடையே முழுமையானது.