தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து இலங்கைக்கு, ஊர் திரும்பும் சனத்துக்குப் பத்திரம் எடுத்துக் கொடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

1. முதல் நாள் படிவத்தை வெளியே எடுக்காதீர்கள். வீட்டில் இருந்து கதை கேளுங்கள். 1983க்குப் பிறகு படகேறியவர், 1990இல் ஏறியவர், 2006இல் மன்னாரிலிருந்து போனவர் என்று ஒரே குடும்பத்தில் மூன்று வகையும் இருக்கும். யார் எங்கே பிறந்தார், எங்கே மணம் முடித்தார், எந்த முகாமில் இருந்தார், ஊரில் இன்னும் யார் உயிரோடு இருக்கிறார் என்பதெல்லாம் அந்தக் கதையில்தான் வரும். திகதி கேட்டால் அம்மாமார் தடுமாறுவார்கள். “எந்த இடப்பெயர்வுக்கு முன்?” என்று கேட்டுப் பாருங்கள், சரியாகச் சொல்வார்கள்.

2. வரிசை தப்பக் கூடாது. பெற்றோரின் பிறப்புப் பதிவு, பிறகு விவாகப் பதிவு, அதன் பிறகே பிள்ளை. காரணத்தை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். 1987 யூலை முதல், இந்திய மண்ணில் பிறந்ததால் மட்டும் ஒரு பிள்ளை இந்தியக் குடியுரிமை பெறுவதில்லை. இலங்கையோ, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பெற்றோர் வழியாகப் பதிவு செய்தால்தான் தன் பிரசை என்று ஏற்கும். ஆகவே, பதிவாகாத முகாம் பிள்ளையிடம் எந்த நாட்டின் பிரசாவுரிமைச் சான்றிதழும் இராது. பிறந்து ஓராண்டுக்குள் பதிவது முறை. பிந்தினாலும் காரணம் காட்டி விண்ணப்பிக்கலாம், மனம் விட வேண்டாம். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்துகொண்டு வந்தால் பாதிச் சுமை குறையும். அப்படி வராதவர்களைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அழைத்துப் போக வேண்டும். முகாம் கோயிலில் தாலி கட்டி, விவாகத்தைப் பதியாதவர்கள் பலர்; அவர்களுக்கு முதலில் அந்தப் பதிவு. தகப்பனின் பத்திரம் சிக்கலாக இருந்தால் தாயின் பத்திரத்தைப் பிடியுங்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தாய் வழியாகவும் பிரசாவுரிமை வரும். இதைத் தெரியாமல் தாய்மாரைத் திருப்பி அனுப்பும் கருமபீடங்கள் இருக்கின்றன. அங்கே மரியாதையாக, ஆனால் விடாமல் பேசுங்கள்.

3. பெயரில்தான் ஆகக் கூடுதலான நாள் போகும். ஊர்ப் பதிவில் செயந்தி, முகாம் அட்டையில் ஜெயந்தி, ஆஸ்பத்திரித் துண்டில் ஜெயா. தகப்பன் பேர் ஒன்றில் முழுதாக இருக்கும், இன்னொன்றில் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கும். இலங்கைப் பிறப்புப் பதிவை அடித்தளமாக வைத்து மற்றவற்றை அதற்கு இணங்கக் கொண்டு வாருங்கள். சின்ன வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் முடிக்கும் சத்தியக்கடதாசி உதவக்கூடும். ஆனால் பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் பேர் பிழையென்றால், குடும்பம் தமிழ்நாட்டை விட்டுப் புறப்படுமுன் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். கடலைக் கடந்த பின் அந்த நகராட்சிக் கதவைத் தட்ட அந்த ஏழைகளால் முடியாது.

4. பதிவுப் புத்தகம் எரிந்துவிட்டது என்று சொன்னவுடன் எழும்பி வராதீர்கள். மறுபிரதி கொழும்பில் இருக்கலாம், தேடக் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். காலங்கடந்த பதிவுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழுக்கும் அந்தக் கடிதம் பயன்படும். பள்ளிக்கூடச் சேர்விடாப்பு, கோவில்பற்றின் ஞானஸ்நானப் புத்தகம், பழைய வாக்காளர் இடாப்பு எல்லாம் பாருங்கள்.

5. மலையகத்திலிருந்து 1977 கலவரத்துக்குப் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறி, பிறகு இந்தியாவுக்கு ஓடிய குடும்பங்களைத் தனியாக விசாரியுங்கள். அவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அகதியாக இந்தியாவில் இருந்த காலத்தால் அந்த உரிமை போய்விடாதபடி 2009இல் அதைத் திருத்தினார்கள். மூன்று தலைமுறை நாடற்று நின்ற சனம் இது. அவர்களை வரிசையின் கடைசியில் நிறுத்தாதீர்கள்.

6. கணவன் காணாமற்போன பெண்ணிடம் “மரண அத்தாட்சிப்பத்திரம் எடுங்கோ” என்று ஒருபோதும் வற்புறுத்த வேண்டாம். ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழை 2016 முதல் சட்டம் அனுமதிக்கிறது. இரண்டையும் விளக்கிச் சொல்லுங்கள். முடிவு அவருடையது.

7. மூலப் பத்திரத்தை உங்களிடம் வைத்திருக்காதீர்கள். போட்டோக்கொப்பி எடுத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

8. கிராம சேவையாளரை முதலே போய்ச் சந்தியுங்கள். பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்களின் அடையாள அட்டை விண்ணப்பம் அவர் உறுதிப்படுத்தாமல் நகராது. பதினைந்து வயதாகும் பிள்ளைகளின் பேரைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது அது. சாதாரணதரப் பரீட்சை மண்டபத்தில் அட்டையைக் கேட்பார்கள். இந்தக் கிழமை யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று யோசித்தால், அந்தத் தாளில் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.