அமிலம் குறைந்தால் ஹார்மோன் ஏறும்

மாணவர்களே, ஜார்ஜ் டவுனில் ஒரு தட்டு நாசி கண்டார் சாப்பிடுகிறீர்கள். குழம்பு ஊற்றிய சோறு, கோழி, முட்டை. கோழித்துண்டு இரைப்பைக்குள் போனதும் அங்குள்ள அமிலத்தின் கடுமை கூடும் என்றுதானே நினைப்பீர்கள்? முதலில் அது குறைகிறது. உணவிலுள்ள புரதம் அமிலத்தின் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. வெறும் வயிற்றில் 1 அல்லது 2 ஆக இருந்த பி.எச். அளவு 4, 5 என்று ஏறுகிறது.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஜி செல்கள் புரதத் துணுக்குகளை உணர்ந்து, காஸ்ட்ரின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அது கல்லீரல், இதயம், நுரையீரல் என்று சுற்றிவிட்டு அதே இரைப்பைக்குத் திரும்புகிறது. பினாங்கு வீதியிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக, பெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போய் வருவது போல! வந்து சேர்ந்ததும் மேற்பகுதிச் செல்களைத் தூண்டி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்க வைக்கிறது.

அமிலம் பெருகிப் பி.எச். 3க்குக் கீழே இறங்கினால், டி செல்கள் சோமடோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து காஸ்ட்ரினை அடக்குகின்றன. அமிலம் தனக்குத் தானே கடிவாளம் போட்டுக்கொள்கிறது. உயிரியல் பாடத்தில் வரும் எதிர்மறைப் பின்னூட்டம் இதுதான்.

அமிலம் கலந்த உணவுக்கூழ் முன்சிறுகுடலுக்குள் இறங்கும்போது இன்னொரு ஹார்மோன் வேலைக்கு வருகிறது. அதைக் கண்டறிந்த கதை சுவையானது. குடலிலிருந்து கணையத்துக்குச் செய்தி போவது நரம்பு வழியாகத்தான் என்று அன்று நம்பினார்கள். 1902 ஜனவரியில் இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், மயக்கமருந்து கொடுத்த நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டு, அதில் அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பே இல்லை; ஆனாலும் கணையநீர் சுரந்தது. பிறகு குடலின் உட்தோலைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி இரத்தக்குழாயில் செலுத்தினார்கள். மீண்டும் சுரந்தது. அந்தப் பொருளுக்குச் செக்ரட்டின் என்று பெயரிட்டார்கள். 'ஹார்மோன்' என்ற சொல்லையே ஸ்டார்லிங் 1905இல்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். செக்ரட்டின் தூண்டுவதால் கணையம் பைகார்பனேட் நிறைந்த நீரை அனுப்பி, குடலைப் புண்ணாக்காதபடி அமிலத்தை நடுநிலையாக்குகிறது.

இந்தக் கடிவாளம் அறுந்தால்? ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் குடியேறினால் சோமடோஸ்டாட்டின் குறையும், காஸ்ட்ரின் ஏறும். சிலருக்கு அமிலம் மிகுந்து முன்சிறுகுடலில் புண் உண்டாகும். நம் நாட்டு ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிடச் சீனர்களிடமும் இந்தியர்களிடமும் இக்கிருமி அதிகம் காணப்பட்டிருக்கிறது.

வீட்டில் யாராவது 'கேஸ்ட்ரிக்' என்று ஒமெப்ரசோல் விழுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது அமிலச் சுரப்பை அடைக்கிறது. அமிலம் இல்லாததால் காஸ்ட்ரின் தடையின்றி ஏறும். பல வாரங்கள் சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால், ஏறியிருந்த காஸ்ட்ரினின் விளைவாக அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கலாம். நோய் திரும்பிவிட்டது என்று பலர் மறுபடியும் மாத்திரையைத் தேடுவது இதனால்தான். இன்னொன்று: கிருமியைக் கண்டறியும் மூச்சுச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே இம்மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரக்கூடும்.