சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்

கேமரன் மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களுக்குத் தராசைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடை நிறைய இருந்தாலும், நிறுத்து எழுதினால்தான் அது கணக்கில் சேரும். வீட்டில் சாப்பாடு போதவில்லை என்பதும் அப்படித்தான். யாரும் கேட்டு எழுதாத குறை, திட்டம் போடுகிறவர்களின் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கேட்டு எழுதுவதுதான் ஆய்வு.

2018 ஆய்வில் தெரியவந்தது

சுகாதார அமைச்சு 2018இல் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பற்றி நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. அவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஊட்டச்சத்துக் குறைவு இருந்தது. மேலும் 23.5 விழுக்காட்டினர் அந்த நிலையை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். சேர்த்துப் பார்த்தால், பத்துப் பேரில் மூவர். போதிய உணவு கிடைக்கும் என்ற உறுதி இல்லாதவர்கள் பத்தில் ஒருவர்.

அளவுகோல் மாறியது

2016இல் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 980 ரிங்கிட்டுக்குக் குறைந்தால்தான் அது ஏழைக் குடும்பம். அந்தக் கணக்குப்படி நாட்டில் 0.4 விழுக்காட்டுக் குடும்பங்களே ஏழைகள். பிறகு குடும்பச் செலவு ஆய்வுகளைக் கொண்டு கணக்கு திருத்தப்பட்டது. சத்துள்ள உணவுக்கு என்ன செலவாகும் என்பதும் அதில் சேர்ந்தது. 2020இல் வறுமைக்கோடு 2,208 ரிங்கிட் என அறிவிக்கப்பட்டது. புதிய கணக்கில், 2019இல் ஏழைக் குடும்பங்கள் 5.6 விழுக்காடு. அதாவது நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். மக்கள் திடீரென ஏழையாகிவிடவில்லை. முன்பு கணக்கில் வராதவர்கள் இப்போது வந்தார்கள்.

“குறை ஒன்றுமில்லை” என்று சொல்லாதீர்கள்

ஆய்வாளர் எல்லா வீட்டுக்கும் வரமாட்டார். தேர்ந்தெடுத்த சில வீடுகளுக்கே வருவார். உங்கள் ஒரு வீட்டின் பதில், உங்களைப் போன்ற பல வீடுகளின் நிலையைக் காட்டும்.

வெளியாளிடம் பசியைச் சொல்ல நமக்குக் கூச்சம். பிள்ளைகளுக்குத் தலைக்குனிவு என்றும் நினைப்போம். ஆனால் இரவில் தேத்தண்ணியும் ரொட்டியும்தான் என்றால், அதையே சொல்லுங்கள். காசில்லாமல் ஒரு வேளையை விட்டிருந்தால், மீன், முட்டை வாங்குவதைக் குறைத்திருந்தால், பல் இல்லாமல் காய்கறியை ஒதுக்கினால், எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆய்வு அறிக்கையில் உங்கள் பெயர் வராது. ஆய்வாளரிடம் முதலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். வங்கி எண்ணோ கடவுச்சொல்லோ கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம்

நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தையல் நாடாவால் அளந்து பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு சரிவராது. மூன்று மாதத்தில் உடை தளர்ந்துபோனாலும், பசி குறைந்தாலும் வயதுதான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள்.

உதவி கேட்பது பிச்சை அல்ல

போதிய வருமானமும் ஆதரவும் இல்லாத, 60 வயதான குடிமக்களுக்குச் சமூகநலத் துறை மாத உதவித்தொகை வழங்குகிறது. 350 ரிங்கிட்டாக இருந்த தொகை 2021இல் 500 ஆனது, 2025இல் 600 ஆனது. அடையாள அட்டையுடன் மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குச் செல்லுங்கள். நடக்க முடியாவிட்டால் பிள்ளைகளையோ பக்கத்து வீட்டாரையோ விசாரித்து வரச் சொல்லுங்கள். கிளினிக் தாதியிடமும் வழி கேட்கலாம்.

அன்று கொழுந்தை நிறுத்து எழுதும்போது ஒரு கிலோ குறைந்தாலும் கேட்டீர்கள். இன்று உங்கள் சாப்பாட்டுக் கணக்கும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.