உப்புக்காற்றில் ஒரு கிட்டார்

கிட்டார் பராமரிப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று வறளும், மரம் வெடிக்கும். அதனால் கிட்டாருக்கு ஈரம் கொடுக்கச் சொல்வார்கள். பழவேற்காட்டில் அதைச் செய்தால் கருவி கெட்டுவிடும். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல். இங்குள்ள கோட்டைக்குப்பத்திலும் லைட்ஹவுஸ் குப்பத்திலும் வீசுகிற காற்றே உப்பும் ஈரமும்தான். கிட்டார் மரத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். இங்கே பெரும்பாலான நாட்களில் அதைத் தாண்டிவிடும். ஆகவே கருவியைத் தேர்ந்தெடுப்பது முதல் துடைத்து வைப்பது வரை எல்லாவற்றையும் இந்தக் காற்றை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் எந்தக் கிட்டார்? இரும்புக் கம்பி போட்டது ஒரு வகை, நைலான் போட்டது இன்னொரு வகை. ஏரிக்கரையில் முதல் கிட்டார் வாங்குகிறவருக்கு நான் நைலானையே சொல்வேன். நைலான் துருப்பிடிக்காது. இழுவிசையும் குறைவு: இரும்புக் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும், நைலான் 40 கிலோ அளவில்தான் இழுக்கும். ஈரத்தில் ஊறிய மேற்பலகைக்கு இந்த வித்தியாசம் பெரிது. நைலான் கிட்டார் மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம். இளையராஜா லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியது கிளாசிக்கல் கிட்டாருக்கு. அது நைலான் கம்பிக் கருவி.

அடுத்து மேற்பலகை. ஒரே மரத்தில் அறுத்த பலகை நன்றாக ஒலிக்கும், ஆனால் ஈரத்தில் உப்பும். ஒட்டுப்பலகையில் ஒலி கொஞ்சம் குறைவு, ஆனால் மழைக்காலத்தைத் தாங்கும். இந்த ஊருக்கு ஒட்டுப்பலகை போதும். பொன்னேரி போய் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறவர்கள் அண்ணா சாலையில் இருக்கும், 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். வாங்கும்போது கழுத்தின் ஓரமாக ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள், முறுக்கு இருக்கக் கூடாது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்; ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள். எங்காவது 'கிர்' என்று அதிர்ந்தால் வேறு கருவி கேளுங்கள்.

இனி கம்பி. இந்த விஷயத்தில் மீனவர் வீட்டில் பிறந்தவருக்கு ஒரு வசதி உண்டு. பழைய கிட்டார்களுக்கு ஆட்டுக்குடலில் திரித்த நரம்பைத்தான் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதற்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் கைவினைஞர் நைலான் இழையைக் கட்டிப் பார்த்தார். ஸ்பெயின் நாட்டு மேதை செகோவியா அதை மேடையில் வாசிக்க, உலகம் முழுக்க நைலான் பரவியது. தூண்டில் நரம்பும் அதே நைலான்தான். அவசரத்துக்கு மேல்ஸ்தாயி மூன்று கம்பிகளை அதிலேயே போட்டுக்கொள்ளலாம்: முதல் கம்பிக்கு 0.7 மி.மீ., இரண்டாவதற்கு 0.8, மூன்றாவதற்கு 1 மி.மீ. தடிமன் ஸ்பூலிலேயே அச்சிட்டிருக்கும். வெயிலில் கிடந்த நரம்பு வேண்டாம், புதிதிலிருந்து வெட்டுங்கள். கட்டிய பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் நேர்மேலே விரலை லேசாகத் தொட்டு ஒரு முறை மீட்டுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இல்லாவிட்டால் நரம்பின் தடிமன் சீராக இல்லாமல் இருக்கலாம், அதைக் கழற்றிவிடுங்கள். கீழ்ஸ்தாயி மூன்றுக்கும் உலோகம் சுற்றிய கம்பிதான் வேண்டும், அதைக் கடையில் வாங்கியே ஆக வேண்டும். வெட்டிய துண்டு நரம்பைக் கரையில் போடாதீர்கள். பூநாரையின் காலில் சுற்றினால் அது தப்பாது.

மேற்பலகையில் கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜின் துளையில் நரம்பை நுழைத்து, திருப்பி எடுத்து, தன் மேலேயே இரண்டு மூன்று முறை சுற்றிச் செருக வேண்டும். கடைசிச் செருகல் பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே அமர வேண்டும். மேலே நின்றால் உருவிக்கொண்டு வந்து பலகையில் அடிக்கும். ஒன்று மட்டும் கண்டிப்பு: நைலான் கிட்டாரில் இரும்புக் கம்பியைக் கட்டவே கூடாது. பிரிட்ஜ் பலகையோடு பிய்ந்து வரும்.

கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி 4 மி.மீ., மெல்லிய கம்பி 3 மி.மீ. இருந்தால் சரி. இரும்புக் கம்பிக் கிட்டாரில் இரண்டரையும் இரண்டும். அதற்கு மேல் போனால் விரல் வலிக்கும், பழகுகிறவர் பாதியில் விட்டுவிடுவார். குறைக்க, பிரிட்ஜில் செருகியிருக்கும் வெள்ளைச் சாடிலை உருவி, சமமான கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து அடிப்பக்கத்தைத் தேயுங்கள். அரை மி.மீ. இறக்க வேண்டுமானால் சாடிலில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி தேயுங்கள். இந்த வேலையை மழை மாதங்களில் செய்யாதீர்கள். அப்போது பலகை உப்பிக் கம்பியைத் தானே உயர்த்தியிருக்கும். பங்குனியில் அது தணிந்ததும் கம்பி ஃப்ரெட்டில் இடிக்கும்.

சுருதி சேர்க்கச் செல்போன் செயலி போதும். தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி மறுபடி ஏற்றுங்கள். புது நைலான் சில நாட்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். காற்றின் ஈரம் மாறினாலும் சுருதி அசையும், அதனால் எடுக்கும்போதெல்லாம் சரிபார்க்க வேண்டும்.

பழகுவதற்கு முதலில் ஈ மைனர், ஜி, சி, டி ஆகிய நான்கு கார்டுகள். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது தாளம் நிற்கக் கூடாது. மெதுவாக வாசித்தாலும் பரவாயில்லை. விரல் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால், ஒட்டி விழ வேண்டும். வலை இழுத்துக் காய்த்த கைக்கு விரல்நுனி வலி குறைவாகவே இருக்கும், ஆனால் விரலை வளைப்பதற்குப் பொறுமை வேண்டும்.

கோயில் பாடற்குழுவிலும் கச்சேரியிலும் 'நாலு கட்டை' என்றுதான் சுருதி கேட்பார்கள். போர்த்துகீசியர் காலத்திலிருந்து வழிபடப்படும் மகிமை மாதா கோயில் உள்ள ஊரில் பழகுகிறவருக்கு இந்தக் கணக்கு கட்டாயம் தேவைப்படும். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. கழுத்தில் மாட்டும் கேபோ என்ற கவ்வி ஒன்று வாங்கிக்கொண்டால் தெரிந்த கார்டுகளிலேயே சமாளிக்கலாம். ஜி வரிசையில் கேபோ இல்லாமல் வாசித்தால் ஐந்து கட்டை, முதல் ஃப்ரெட்டில் கேபோ போட்டால் ஐந்தரை, இரண்டாவதில் ஆறு. நாலு கட்டைக்கு டி வரிசையை எடுத்து மூன்றாவது ஃப்ரெட்டில் போடுங்கள். அதற்கு ஏ கார்டும் தெரிந்திருக்க வேண்டும்.

படகிலிருந்து வந்ததும் கிட்டாரைத் தொடாதீர்கள். நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக் காய்ந்த கையால் எடுங்கள். உப்பு ஒட்டிய இடம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுற்றிய கம்பி கறுப்பதும், ஃப்ரெட் பச்சை பூப்பதும், ட்யூனிங் கீ இறுகுவதும் அதனால்தான். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பிகளையும் ஃப்ரெட் பலகையையும் துடையுங்கள். ட்யூனிங் கீயின் பல்சக்கரத்தில் எப்போதாவது ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடலாம், மரத்தில் படக் கூடாது. தேங்காயெண்ணெய் எங்கேயும் வேண்டாம். பிசுக்கு ஏறித் தூசியும் பூஞ்சையும் சேரும்.

வைக்கும் இடம் மூடக்கூடிய கெட்டிப் பெட்டியாக இருக்கட்டும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். தகரக் கூரைக்கு நேர்கீழும் ஆகாது, சூட்டில் பசை இளகும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளும், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் வையுங்கள். நிறம் மாறிய ஜெல்லை எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும், அதைச் சமையல் சட்டியில் வறுத்து மறுபடி பயன்படுத்த வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை வாடையில் வாரம் ஒரு முறை பார்த்தாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்ததுபோல் புயல் எச்சரிக்கை வந்தால், கம்பிகளைத் தளர்த்தி, பெட்டியைத் தடித்த பிளாஸ்டிக்கில் கட்டிப் பரணில் ஏற்றுங்கள்.

மாதம் ஒரு முறை பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் பெயர ஆரம்பித்துவிட்டது. ஃபைபர் படகு ஒட்டும் ரெசின் பக்கத்து வீட்டிலேயே கிடைக்கும். அதையும் உடனே ஒட்டும் பசைகளையும் தொடாதீர்கள். அவற்றால் ஒட்டியதைப் பழுது பார்ப்பவரால் பலகையைச் சிதைக்காமல் பிரிக்க முடியாது. கம்பிகளை முழுக்கத் தளர்த்தி, கருவியை அப்படியே அவரிடம் கொண்டுபோங்கள்.