தைப்பனியும் வாசல் பாத்தியும்

கேள்வி: எங்கள் லயத்து வாசலில் போட்ட போஞ்சியும் உருளைக்கிழங்கும் தை மாதத்தில் ஒரே இரவில் கருகிவிடுகின்றன. இதற்குப் பரிகாரம் உண்டா?
— ஒரு வாசகி, லிந்துலை

பதில்: மேகமற்று, காற்றும் அசையாத இரவுகளில், பூமி பகலெல்லாம் சேர்த்த உஷ்ணத்தைத் தடையின்றி ஆகாயத்துக்கு இழந்துவிடுவதாலும், குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்குவதாலும், மேட்டுப் பாத்தி பிழைத்தாலும் ஆற்றோரப் பாத்தி கருகிவிடும். ஆகவே, வானம் நிர்மலமாயிருக்கும் அந்தியில் மண்ணை நனைத்து, நான்கு குச்சிகளை நட்டு, அவற்றின்மேல் பழைய உரச்சாக்கையோ மானாப்புல்லையோ இலையில் படாதபடி பரப்பி, வெயில் ஏறியபின் எடுத்துவிடுங்கள். மூட மறந்தால், சூரியோதயத்துக்கு முன்பே இலைகள்மீது தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைத்துவிடுங்கள். கருகிய நுனிகளை அவசரப்பட்டுக் கிள்ள வேண்டாம். அவையே உள்தளிருக்குக் கவசம். போஞ்சியைப் பனிக்காலம் கழிந்தபின் ஊன்றி, அதுவரை குளிரைத் தாங்கும் கோவாவும் லீக்ஸும் வைப்பதே விவேகம்.

பிரட்டுக்குப் புறப்படுமுன், விறகடுப்பின் அருகே குந்தி, சுடச்சுடக் கோதுமை மா ரொட்டியை, சொந்தப் பாத்தியில் பறித்த உருளைக்கிழங்கு வதக்கலோடு தின்று, சாயத்தண்ணி பருகும் அந்தச் சில நிமிஷ சுகத்துக்காக, முன்னந்தியில் நான்கு சாக்கு விரிக்கும் சிரமம் ஒரு சிரமமா?